ஏழு ரொட்டிக் கிண்ணங்கள்

எங்கள் வீட்டில் முதலும் கடைசியுமாக ரொட்டி சுட்டது நான் நான்காம் வகுப்புப் படித்த வருஷத்துத் தை மாதத்தில். மொத்தம் எட்டுக் கிண்ணங்கள். முதலாவது சோதனைக்குச் செய்தது. அது சித்தப்பாவின் வேட்டியோடு போயிற்று. மற்ற ஏழும் களத்துக்குப் போயின. எனக்கு அப்போது ஒன்பது வயது. ஏழில் ஒன்றில் நான் ஒரு தவறு செய்தேன். அதைத் தவறு என்று எத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதற்குக் கணக்கில்லை.

எங்கள் ஊர் குடவாசலுக்கு மூன்று மைல் தள்ளி இருக்கிறது. அந்த வருஷம் சம்பா நன்றாக விளைந்திருந்தது; அறுக்க ஆள் இல்லை. ஆட்கள் ஊரை விட்டுப் போய்விடவில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெருவில் அத்தனை பேரும் இருந்தார்கள், வரவில்லை. அவர்கள் கேட்டது இரண்டு. ஒன்று, அறுவடைக் கூலியை உயர்த்த வேண்டும். மற்றது, வேலைக்கு வருகிறவர்களுக்குக் கஞ்சியையும் டீயையும் கொட்டாங்குச்சியில் ஊற்றுவதை நிறுத்த வேண்டும். எங்கள் மாட்டுக்கொட்டிலின் கூரை விளிம்பில் வரிசையாக ஒன்பது கொட்டாங்குச்சிகள் செருகியிருக்கும். நான் பிறந்ததிலிருந்து அவை அங்கே இருந்தன. கூரைக்குக் கீற்று எப்படியோ அப்படி என்று நினைத்திருந்தேன்.

அப்பா ஆளும் கட்சிக்காரர். கரை வேட்டி கட்டி, மேடையில் சமத்துவம் பற்றி இருபது நிமிஷம் நிறுத்தாமல் பேசுவார். நான் கடிகாரம் பார்த்திருக்கிறேன். முதல் கோரிக்கைதான் அவருக்குக் கவலை தந்தது. இரண்டாவது அவர் கணக்கில் பேச வேண்டிய விஷயமே இல்லை.

நெல்லை இன்னும் நாலைந்து நாள் விட்டால் மணி வயலிலேயே கொட்டிவிடும். வெளியூர் ஆட்களைப் போலீஸ் காவலோடு இறக்கலாம் என்று பக்கத்து மிராசுதார் சொன்னார். அப்படி இறக்கிய ஊர்களில் என்ன நடந்தது என்பதைப் பெரியவர்கள் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். அப்பாவுக்கு அதில் பயம் இருந்தது. பள்ளிக்கூட வாத்தியாரை நடுவில் வைத்து வீராசாமிக்குச் சொல்லி அனுப்பினார்.

வீராசாமிதான் அந்தத் தெருவுக்குச் சங்கத் தலைவர். என் அப்பாவைவிட மூத்தவர். நான் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். அவர் என்னைச் ‘சின்னம்மா’ என்பார். அது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. அவரிடமிருந்து வாத்தியார் கொண்டுவந்த பதில் இது: “பெஞ்சில ஒக்கார வெச்சுப் பேசினா வர்றோம். குடிக்க எது குடுத்தாலும் எல்லாருக்கும் ஒரே மாதிரி குடுக்கணும்.”

பெஞ்சுக்கு வழி இருந்தது; வாத்தியார் பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு தந்தார். குடிக்கக் கொடுப்பதில்தான் வீடு இரண்டு நாள் திகைத்தது. வீட்டு டம்ளர் வெளியே போகாது என்று அம்மா சொல்லிவிட்டார். வாழையிலை போட்டால் அது பந்தியாகிவிடும்; ஒரே பந்தியில் உட்கார அப்பாவுக்கே மனமில்லை. எதுவும் கொடுக்காமல் பேசலாமே என்றார் அம்மா. வந்தவர்களுக்கு வாய் நனைக்க ஒன்றும் கொடுக்காமல் என்ன சமாதானம் என்று வாத்தியார் கேட்டார். தொன்னையில் ஊற்றலாம் என்றார் சித்தப்பா. அது கோயில் வாசலில் கையேந்துவதுபோல இருக்கும், வீராசாமி எழுந்து போய்விடுவார் என்று அதையும் வாத்தியாரே தள்ளினார்.

அப்போதுதான் சித்தி பேசினார். சித்தப்பாவைக் கல்யாணம் செய்துகொண்டு காரைக்காலிலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. காரைக்காலில் காலையில் ரொட்டி வாங்குவது, எங்கள் ஊரில் பால் வாங்குவதுபோல. எங்கள் பக்கம் ரொட்டி காய்ச்சல்காரர்களுக்கு உரியது. சித்தியின் பிறந்த வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ரொட்டி அடுப்பு இருந்ததாம். விசேஷ நாட்களில் அந்த அடுப்புக்காரர் ரொட்டியைக் கிண்ணமாகச் சுட்டு, அதில் சூப் ஊற்றித் தருவாராம். குடித்து முடித்ததும் கிண்ணத்தையும் தின்றுவிடலாம்.

“காரைக்கால்ல பாத்திரம் வாங்க வக்கில்லாம பாத்திரத்தையே தின்னுடுவாங்களோ?” என்றார் அம்மா.

“தேய்க்கிற வேலை மிச்சம்க்கா” என்றார் சித்தி.

அப்பா சிரிக்கவில்லை. யோசித்தார். எல்லோருக்கும் ஒரே மாதிரி. யார் வாய் வைத்தது என்று பிறகு பார்க்க ஒரு பாத்திரமும் மிஞ்சாது. அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. உலகத்தில் சமையலை முடிவு செய்துவிட்டுப் பாத்திரம் தேடுவார்கள். எங்கள் வீட்டில் பாத்திரம் முடிவான பிறகு, அதில் ஊற்ற ஆட்டுக்கால் சூப் என்று முடிவாயிற்று.

மாவு பொங்கக் கள் வேண்டும். எங்கள் பக்கம் மதுவிலக்கு; காரைக்காலில் இல்லை. சித்தப்பா பஸ்ஸில் போய், இருமல் மருந்து பாட்டிலில் கள் கொண்டுவந்தார். கள்ளும் முட்டையும் ஆட்டுக்காலும் அடுப்படிக்குள் வரக்கூடாது என்று அம்மா சொன்னதால் வேலை முழுவதும் கொல்லையில் நடந்தது. நான் சித்திக்குத் துணை. மைதாவில் உப்பும் வெல்லமும் கள்ளும் சேர்த்துச் சித்தி அரை மணி நேரம் பிசைந்தார். ஈரத்துணி மூடி வைத்த மாவு மத்தியானத்துக்குள் இரண்டு மடங்காகியிருந்தது. விரலால் குத்தினால் மெதுவாக எழுந்தது. நான் ஆறு முறை குத்தினேன். ஏழாவது முறை சித்தி கையில் தட்டினார்.

கிண்ணத்துக்கு அச்சு வேண்டும். “வெறகுக் குவியல்ல நல்ல கொட்டாங்குச்சியா ஏழு எடுத்துட்டு வா” என்றார் சித்தி. “கண்ணு இருக்கற பாதி வேணாம். மழமழன்னு இருக்கற பாதியா எடு.”

தேங்காய் உடைத்தால் ஒரு பாதியில் மூன்று கண் இருக்கும், மறு பாதியில் இருக்காது. கண் இல்லாதவற்றில் விரிசல் விடாதவை ஆறுதான் கிடைத்தன. ஏழாவதாக ஒரு கண்ணுள்ள பாதியை எடுத்து அடியில் வைத்துக் கொடுத்தேன். ஏன் கூடாது என்று சித்தி சொல்லவில்லை. அழகுக்காக இருக்கும் என்று நானே எண்ணிக்கொண்டேன். நாரைக் கண்ணாடித் துண்டால் சுரண்டி, ஊறவைத்து, நெய் தடவி, கவிழ்த்து, மேலே மாவைப் போர்த்தினோம். பெரிய இரும்புச் சட்டியில் மணலைக் காயவைத்து, அதன்மேல் தட்டில் இரண்டிரண்டாக வைத்து மூடி, மூடிமேல் தணல். கீழே உமி எரிந்தது. மாவு இறுகியதும் அச்சை உருவிவிட்டு, உட்புறம் முட்டை வெள்ளை தடவி மறுபடி சுட வேண்டும். வெள்ளை தடவாவிட்டால் ஒழுகும் என்பதைச் சோதனைக் கிண்ணத்தை மடியில் வைத்துக் குடித்த சித்தப்பா நிரூபித்தார்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் களத்தில் இரண்டு பெஞ்சுகள் எதிரெதிராகப் போடப்பட்டன. இந்தப் பக்கம் அப்பா, சித்தப்பா, பக்கத்து மிராசுதார். அந்தப் பக்கம் வீராசாமியும் அவருடைய தெரு இளைஞர்கள் இருவரும். நடுவில் ஸ்டூலில் வாத்தியார். பெஞ்சில் உட்காரும்போது வீராசாமி துண்டைத் தோளிலிருந்து எடுக்கவில்லை. பக்கத்து மிராசுதார் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூலிப் பேச்சு ஒரு மணி நேரத்தில் முடிந்தது. அப்பா பயந்ததற்குக் குறைவாகவே அவர்கள் கேட்டார்கள். வாத்தியார் தாளில் எழுதினார். அப்பா சந்தோஷமாக என்னைப் பார்த்துத் தலையசைத்தார். சித்தி சூப் பானையோடும் நான் தாம்பாளத்தில் ஏழு கிண்ணங்களோடும் போனோம். நான் யார் யாருக்கு எது என்று பார்க்கவில்லை. கைக்கு வந்தபடி கொடுத்தேன். தை மாத வெயிலில் மிளகு வாசனை களம் முழுவதும் பரவியது.

“இதென்ன, கிண்ணத்தையும் திங்கணுமா?” என்றார் வீராசாமி.

“தின்னுடலாம்” என்றார் சித்தப்பா. “திங்காட்டி என் பொண்டாட்டி கோவிச்சுக்குவா.”

எல்லோரும் சிரித்தார்கள். இரு பெஞ்சுகளும் ஒரே நேரத்தில் சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன். பிறகு உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. “நெஞ்சுச்சளிக்கு நல்லா இருக்கும்மா” என்று வீராசாமி சித்தியிடம் சொன்னார். குடித்து முடித்தவர், கிண்ணத்தின் விளிம்பில் ஒரு துண்டு பிய்த்துத் தின்றுவிட்டு நிறுத்தினார். வெயில் பக்கம் சாய்த்து உள்ளே பார்த்தார். கட்டைவிரலால் அடியைத் தடவினார்.

“பாப்பா, இங்க வா” என்றார்.

அவர் என்னைச் சின்னம்மா என்று சொல்லாதது எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் போனேன்.

“இத எந்த அச்சுல செஞ்சீங்க?”

கிண்ணத்தின் அடியில் மூன்று கண்களும் அச்சாகப் பதிந்திருந்தன. சித்தியின் பேச்சைக் கேட்காதது வெளிப்பட்டுவிட்டதே என்பது மட்டும்தான் எனக்கு உறைத்தது. ஆனால் கேட்ட கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்வது என் வழக்கம். “கொட்டாங்குச்சியில” என்றேன். “மொத்தம் ஏழு. புதுசு. நான்தான் எடுத்தேன்.”

அவருக்குப் பக்கத்தில் இருந்த இளைஞர் எழுந்துவிட்டார். “பாத்தீங்களாண்ணே! கொட்டாங்குச்சிய மாவுக்குள்ள ஒளிச்சுக் குடுத்திருக்காங்க.”

“ஒக்காருப்பா” என்றார் வீராசாமி. “ஐயாவும் அதுலதானே குடிச்சாரு.”

அப்பா தம் கையில் இருந்ததைப் பார்த்தார். பாதி தின்றிருந்தார். பக்கத்து மிராசுதார் தம்முடையதைக் கீழே வைத்துவிட்டு, விரல்களை வேட்டியில் துடைத்தார். வாத்தியாரின் பேனா திறந்தே இருந்தது. தாளில் கையெழுத்து இன்னும் விழவில்லை. களத்துக்கு அப்பால் எங்கள் சம்பா கதிர் சாய்ந்து நின்றது.

வீராசாமி கிண்ணத்தைப் பெஞ்சில் வைத்தார். கோபப்பட்டதாகத் தெரியவில்லை.

“ஐயா, ரொட்டி நெஞ்சை அடைக்குது. குடிக்கக் கொஞ்சம் தண்ணி வேணும்.”

அப்பா வாயைத் திறந்தார். எதில் ஊற்றிக் கொடுப்பது என்பதுதான் வரவில்லை. தண்ணீரை ரொட்டியில் ஊற்ற முடியாது. கொல்லைக் கதவருகில் அம்மா நின்றிருந்தார். அவரும் அசையவில்லை. அந்த இளைஞர்கள் இருவரும் எழுந்து வரப்புப் பக்கம் திரும்பினார்கள். வீராசாமி மட்டும் உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. என் வாழ்க்கையில் நேரம் பார்க்கத் தவறிய மிகச் சில சந்தர்ப்பங்களில் அது ஒன்று.

சித்தி பானையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனார். வரும்போது கையில் அவருடைய செம்பு இருந்தது. சீதனமாக வந்தது, கழுத்தில் அவர் பெயர் வெட்டியிருக்கும். அம்மாவைத் தாண்டி வந்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

“குடிங்கண்ணே.”

வீராசாமி எழுந்து நின்று வாங்கினார். அண்ணாந்து, உதடு படாமல், ஒரு சொட்டுச் சிந்தாமல் முழுவதும் குடித்தார். திருப்பிக் கொடுக்கும்போது, “வாய் வெக்கலம்மா. உள்ள எடுத்துக்கிட்டுப் போவலாம்” என்றார்.

பிறகு அப்பா, யாரையும் பார்க்காமல், இரண்டாவதையும் எழுதச் சொன்னார்: இனிக் கொட்டாங்குச்சி இல்லை. இரு தரப்பாரும் கையெழுத்துப் போட்டார்கள். மறுநாள் விடியற்காலையில் முப்பத்திரண்டு அரிவாள்கள் வயலில் இறங்கின. நான் எண்ணினேன்.

அன்று மாலை கொல்லையில் சித்தியிடம் போய், கண்ணுள்ள பாதியை எடுத்தது நான்தான் என்று அழுதேன். “தப்பு ஒன்னுது இல்ல” என்றார் சித்தி. “அச்சு என்னுது.” எனக்கு விளங்கவில்லை. என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

ஒப்பந்தம் எழுத்துப்படி நடந்தது. ஒன்பது கொட்டாங்குச்சிகளும் வெந்நீர் அடுப்புக்குப் போயின. சித்தியின் செம்பை அடுப்படிக்குள் கொண்டுவரக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார். அதைக் கொட்டிலில் ஓர் ஆணியில் மாட்டினார்கள். வேலைக்கு வருகிறவர்கள் அதில் குடித்தார்கள். பித்தளைச் செம்பு; பளபளவென்று இருக்கும். வீராசாமிக்குக் கிடைத்த பரிசு என்று நான் பள்ளியில் பெருமையாகச் சொன்னேன்.

சித்தியிடம் ஒரு மாற்றம் வந்தது. தினமும் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும், வெயிலில் கொல்லையைக் கடந்து கொட்டிலுக்குப் போவார். ஆணியிலிருந்து செம்பை எடுத்துக் கிணற்றுத் தண்ணீர் பிடித்து, வாய் வைத்துக் குடித்துவிட்டு, மறுபடி மாட்டிவிட்டு வருவார்.

“உள்ள பானை நெறைய தண்ணி இருக்கு. அங்க என்ன?” என்று அம்மா கேட்பார்.

“அது குளுமையா இருக்குக்கா.”

நான் ஒருநாள் யாருக்கும் தெரியாமல் பானைத் தண்ணீரையும் செம்புத் தண்ணீரையும் குடித்துப் பார்த்தேன். ஒரே கிணற்றுத் தண்ணீர், ஒரே ருசி. ஆகவே, பிறந்த வீட்டுப் பாத்திரத்தின்மேல் சித்திக்கு அவ்வளவு ஆசை என்று முடிவு கட்டினேன். தீபாவளிக்குத் துணி எடுக்கக் கும்பகோணம் போனபோது, அதேபோல ஒரு செம்பு வாங்கிக் கொடுத்தால் சித்தி வெயிலில் நடக்க வேண்டியிருக்காதே என்று அப்பாவிடம் சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு பாத்திரக் கடைக்குள் போனார். பெயரும் வெட்டி வாங்கினோம்.

சித்தி புதுச் செம்பைக் கையில் வாங்கி, பெயரைப் படித்து, சிரித்து, அடுப்படி அலமாரியில் வைத்தார். அன்று மத்தியானமும் கொட்டிலுக்குத்தான் போனார். கும்பகோணத்துச் செம்புக்கு வாய் கொஞ்சம் அகலம். அதனால்தான் அவருக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.