நூற்று எண்பது பேருக்கு ஒரே நம்பர்

மாமா, அதாவது என் அக்கா வீட்டுக்காரர், நகராட்சி அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். விண்ணப்பத்தில் அடித்தல் திருத்தல் இருந்தால் ஆளைத் திருப்பி அனுப்பிவிடுவார். அவ்வளவு சுத்தம். அந்தச் சுத்தத்தை நினைத்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அக்கா பேருந்து நிலையத்தில் மைக்கில் அறிவிப்பு சொல்பவள். நாள் முழுக்கப் பேசுகிற வேலை, ஆனால் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டாள். அங்கே பெண்களுக்கு இருந்த ஒரே கழிப்பறையை இடித்து மூன்று வருடம் ஆகிறது. போன மாதம் சிறுநீரில் ரத்தம் வந்து, டாக்டரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

அந்த நேரத்தில்தான் நகராட்சி ஒரு ஆப் விட்டது. நிலையத்தில் காலியாகக் கிடக்கும் இடத்தில் பெண்கள் கழிப்பறை வேண்டுமா, இசை நீரூற்று வேண்டுமா? மக்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யலாமாம். இதைக்கூடவா கேட்பார்கள்?

மாமா விடவில்லை. நிலையத்தில் பழம் விற்கிறவர்கள், பெருக்குகிறவர்கள், தினமும் பஸ் ஏறுகிறவர்கள் என்று நூற்று எண்பது பெண்களைக் கடைக்கு வரவழைத்தார். பலரிடம் சொந்தப் போன் இல்லை. இருந்தவர்களுக்கும் ஓடிபி என்றால் பயம். "என் நம்பரையே போட்டுக்கலாம்" என்றார். ஒவ்வொரு முறையும் போன் "நன்றி, பதிவானது" என்று பல்லிளித்தது. அவர் நோட்டில் பெயருக்கு நேரே டிக் அடித்துக்கொண்டார்.

கடைசி நாள் கடை சாத்தும்போது ஒரு பெரியவர் வந்து, நீரூற்றுக்குப் போடச் சொன்னார்.

"மாமா, கழிப்பறைக்கே அமுக்கிடுங்க. அவருக்கு என்ன தெரியப்போகுது?" என்று காதைக் கடித்தேன்.

"அது அவர் ஓட்டுடா" என்று முறைத்துவிட்டு, நீரூற்றையே அமுக்கினார்.

முடிவு வந்தது. நீரூற்று ஐம்பத்திரண்டு, கழிப்பறை முப்பத்தொன்று. நோட்டைத் தூக்கிக்கொண்டு எதிரே ஓடினோம். ஆப்பைக் கவனிக்கிற அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஒரு நம்பருக்கு ஒரு ஓட்டுதாங்க. மறுபடி போட்டா பழசு போயிடும். கடைசியா போட்டதுதான் நிக்கும்."

மாமா நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். நூற்று எண்பது பெண்களும் மெனக்கெட்டு வந்து, கடைசியில் நீரூற்றுக்கு ஒரு ஓட்டு விழுந்திருக்கிறது. சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா?

சாயங்காலம் அக்காவிடம் மாமாவே எல்லாவற்றையும் சொன்னார். மறைக்கத்தான் அந்த மனிதருக்கு வராதே. அக்கா திட்டித் தீர்ப்பாள் என்று காத்திருந்தேன். அவள் காலையில் கொண்டுபோன தண்ணீர் பாட்டிலைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். மூடியைத் திறக்கவே இல்லை.

"அந்த நீரூத்தை எங்க வைக்கப்போறாங்களாம்?" என்று கேட்டாள்.

"உன் மைக் ரூமுக்கு எதிர்லதான்" என்றார் மாமா.

"அப்போ இனிமே நாள் பூரா தண்ணி கொட்டுற சத்தத்தையும் கேட்டுக்கிட்டு அடக்கிட்டு உக்காரணும்" என்றாள்.