விமர்சனம் வராத வாரம்

குழந்தை தூங்கும்போது நான் படிப்பதற்காக அம்மா போன மாதம் ஒரு பழைய பைண்டு புத்தகத்தைக் கொடுத்தனுப்பினாள். வாரப்பத்திரிகையில் வந்த தொடர்கதை. வாராவாரம் கிழித்துச் சேர்த்துத் தைத்தது. கையில் புத்தகம் இருந்தாலும் என் காது தொட்டிலில்தான் இருக்கும். மூச்சு சீராக வருகிறதா, இருமுகிறாளா என்று எழுந்து எழுந்து பார்த்ததில் கதை நகரவே இல்லை. கடைசிப் பக்கத்தையாவது பார்ப்போம் என்று புரட்டினேன். ‘முற்றும்’ என்று போட்டிருந்ததைக் கண்டதும் மாமாவின் படம் வெளிவந்த வருஷம் ஞாபகத்துக்கு வந்தது.

அப்போது எனக்குப் பத்து வயது. மயிலாப்பூரில் தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஓர் ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தோம். அப்பாவுக்குத் தியாகராய நகரில் பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் பட்டுப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் வேலை. மாமா அம்மாவின் தம்பி. சினிமாவுக்கு வசனம் எழுதப் போகிறேன் என்று திருநெல்வேலியிலிருந்து வந்து எங்கள் கூடத்தில் தங்கியிருந்தார்.

ஓர் உளவாளியைப் பற்றிய படம் ஒன்று முந்தின வருஷம் சக்கைப்போடு போட்டிருந்தது. அதில் மாமா, வசனம் எழுதியவருக்குப் பிரதி எடுத்துக் கொடுத்த உதவியாளர். அதன் இரண்டாம் பாகத்துக்கு அந்தப் பெரியவர் ஒதுங்கிக்கொள்ள, வாய்ப்பு மாமாவுக்கு வந்தது. முதல் தடவையாக அவர் பெயர் திரையில் தனியாக வரப்போகிறது. அம்மா சந்தோஷப்பட்டாள். அப்பா ஒரு நிபந்தனை வைத்தார்.

“இங்க பாருங்க மாப்ளே, நான் படம் பார்த்து நல்லது கெட்டது சொல்ற ஆள் இல்ல. பத்திரிகையில என்ன எழுதுறாங்கன்னு பார்ப்போம். வசனம் நல்லாருக்குன்னு அவர் போட்டார்னா நான் வாயே திறக்க மாட்டேன். இல்லேன்னா தீபாவளி யாவாரத்துக்கு நீங்க கடைக்கு வந்துடணும். முதலாளிகிட்ட சொல்லி வச்சிருக்கேன்.”

“சரி அத்தான்” என்றார் மாமா.

‘அவர்’ என்றால் அம்மா வாங்கும் வாரப்பத்திரிகையில் சினிமா விமர்சனம் எழுதுகிறவர். யாரென்று அப்பாவுக்குத் தெரியாது. பெயர் போடும் வழக்கம் அந்தப் பத்திரிகைக்கு இல்லை. ஆனால் அவர் என்ன சொல்கிறார் என்று பார்க்காமல் அப்பா எங்களை எந்தப் படத்துக்கும் அழைத்துப் போனதில்லை.

எனக்கு அன்றிலிருந்து ஒரே கவலை. ஜவுளிக்கடையில் கல்யாணமாகாத ஆட்கள் கடை மாடியிலேயே தங்கி, அங்கேயே சாப்பிட்டுக்கொள்வார்கள். மாமாவும் அங்கே போய்விட்டால் வில்லன் குரலில் பேசி என்னைத் தூக்கத்திலிருந்து எழுப்ப ஆள் கிடையாது. பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் பிள்ளையாரிடம் அந்தப் பெயர் தெரியாதவரின் மனசைப் பற்றித் தினமும் முறையிட்டேன்.

ஆவணியில் படம் வந்தது. அப்பா கடையில் இருக்க, மாமா அம்மாவையும் என்னையும் மாலைக் காட்சிக்கு அழைத்துப் போனார். முதல் பாகத்தின் கடைசியில் மலையிலிருந்து காரோடு உருண்டு எரிந்துபோன வில்லன், இதில் கறுப்புக் கையுறையோடு சுழல் நாற்காலியில் திரும்பினான். உளவாளி திடுக்கிட்டு, “நீ இறந்துவிட்டாயே!” என்றான். “இறந்தது என் நிழல்!” என்றான் வில்லன். பல மாதங்கள் எங்கள் வீட்டுக் கண்ணாடி முன்னால் மாமா சொல்லிச் சொல்லிப் பார்த்த வசனம் அது. கைதட்டலுக்காக நான் கைகளைத் தயாராக வைத்திருந்தேன்.

முன்னாலிருந்து ஒரு குரல் எழும்பியது. “ஏன் நைனா, நெழலுக்குப் போய் யாராவது பாடை கட்டுவாங்களா?”

“கார் எரிஞ்சுகினு இருந்துச்சே, அதுவும் நெழல்தானா?” என்றது இன்னொன்று. கொட்டகையே சிரித்தது. அதற்குப் பிறகு வில்லன் வாயைத் திறக்கும்போதெல்லாம், “தோ, நெழல் பேசுது!” என்று கத்தினார்கள்.

“தரை டிக்கெட் அப்படித்தான் கத்தும். விமர்சனம்தான் முக்கியம்” என்றார் மாமா, பஸ்ஸில் வரும்போது. நான் “ரொம்ப நல்லா இருந்துச்சு மாமா” என்றேன். போதுமான சத்தத்தோடு சொன்னேனா என்று இறங்கும்வரை கவலையாக இருந்தது.

அடுத்த வாரம் பத்திரிகை வந்த காலையில் அப்பா குளித்துக்கொண்டிருந்தார். மாமா டீ குடிக்கப் போயிருந்தார். அம்மா நின்றபடியே பக்கங்களைப் புரட்டினாள். ஓரிடத்தில் நிறுத்திப் படித்தாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள். சற்று நேரம் கழித்துத் தலையிலிருந்த ஹேர்பின்னை எடுத்து, பத்திரிகையின் நடுப் பின்னை நெம்பி, ஒரு தாளை உருவினாள். “தொடர்கதை” என்றாள் என்னைப் பார்த்து. நான் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

என்னைப் பயமுறுத்தியது வேறு. வீட்டில் எல்லாரும் படித்து முடிக்கும்வரை தாளைக் கிழிக்கக் கூடாது என்பது அம்மா போட்ட சட்டம். அப்பா இன்னும் படிக்கவில்லையே, இன்றைக்கு அம்மாவுக்குத் திட்டு விழுமே என்று தூண் பக்கம் ஒதுங்கினேன்.

அப்பா வந்து புரட்டினார். பின் தளர்ந்திருந்த இடத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார்.

“விமர்சனம் வரலையா?”

“வரலைங்க. அடுத்த வாரமா இருக்கும்.”

அப்பா அம்மாவைப் பார்த்தார். “ம்” என்று பத்திரிகையை மூடினார். திட்டவே இல்லை.

மாமா செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா வாசலுக்குப் போய்விட்டாள். “தம்பி, இந்த வாரம் விமர்சனம் வரலைடா.”

மாமாவின் கையில் ஒரு பத்திரிகை சுருட்டியிருந்தது. அதே அட்டை, வீணை வாசிக்கிற பெண்ணின் பாதி முகம் தெரிந்தது. அவர் சுருளை இன்னும் இறுக்கி, சட்டைக்குள் இடுப்பில் செருகிக்கொண்டார். “அப்படியாக்கா? அடுத்த வாரம் போடுவாங்க” என்று சொல்லிவிட்டு இட்லிக்கு உட்கார்ந்தார். வராத விமர்சனத்துக்காகப் பாவம் மாமா ஒரு பத்திரிகையை வீணாக வாங்கியிருக்கிறாரே என்று நினைத்தேன்.

அதற்கடுத்த வாரமும் வரவில்லை. அதற்கடுத்த வாரமும். எனக்கு மெல்ல மெல்ல உயிர் வந்தது. “வரலைன்னா போகுது. மாப்ளே அடுத்த படத்துக்கு எழுதட்டும்” என்று அப்பாவே சொன்னார். அப்படியிருக்க, புரட்டாசியில் ஒருநாள் சாப்பிடும்போது மாமா, “அத்தான், தீபாவளிக்கு ஆள் வேணும்னீங்களே, நான் வர்றேன்” என்றார்.

“இன்னும் விமர்சனமே வரலையே மாமா!” என்று நான் கத்தினேன்.

“அதானே. என்ன அவசரம்?” என்றார் அப்பா, தட்டைப் பார்த்தபடி.

“வரும்போது வரட்டும் அத்தான்.”

அம்மா ரசம் எடுக்க எழுந்து போனாள். ரசம் ஏற்கெனவே பரிமாறியாகிவிட்டிருந்தது.

மாமா பெட்டியோடு போன அன்று நான் அவரிடம் பேசவில்லை. யாரும் போகச் சொல்லாதபோது தானாகப் போகிறவரிடம் என்ன பேச்சு?

இந்தப் புத்தகத்தைத் தைக்கக் கொடுத்தது படம் வருவதற்கு முன்பு. மாட வீதியிலிருந்த பைண்டர் கடைக்கு அம்மாவோடு நானும்தான் போனேன்; கடைசித் தாளில் ‘முற்றும்’ இருக்கிறதா என்று பைண்டர் சரிபார்த்ததும் நினைவிருக்கிறது. அம்மா சேர்த்தது அந்த ஒரு கதையைத்தான்; அந்தக் காலையில் கிழிப்பதற்கு அவளுக்குத் தொடர்கதை எதுவுமே மிச்சமில்லை. கடைக்கும் அந்தப் பத்திரிகை வரும், அப்பா அங்கே பார்த்திருப்பார். அம்மா செய்தது சரியா? மூன்று பேரும் ஒரே தாளைப் படித்துவிட்டு ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொண்டிருந்தார்களே, ஒருவராவது வாய்விட்டுப் பேசியிருந்தால் மாமா இன்னொரு படம் எழுதியிருப்பாரா? நாளைக்கு என் பெண்ணைப் பற்றி யாராவது ஏதாவது சொன்னால் நான் எதைக் கிழிப்பேன், எதை விடுவேன்? யோசித்தால் முடிவே வருவதில்லை. நடுவில் தொட்டில் அசைகிறது.

அந்தத் தீபாவளிக்குப் புடவை எடுக்க அம்மா என்னைக் கடைக்கு அழைத்துப் போனாள். மாமா விரிப்பில் உட்கார்ந்து ஒரு புடவையை விசிறி போல் வீசிக்கொண்டிருந்தார். “இந்தக் கரை இருக்கே, நீங்க தெருமுனை திரும்பின பிறகும் கண்ணைவிட்டுப் போகாதும்மா.”

எதிரே இருந்த அம்மாள் பக்கத்திலிருந்தவளை இடித்தாள். “இன்னாமா பேசுறாரு! ஏன் தம்பி, நீ சினிமாவுக்கு வசனம் எழுதலாமே?”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பதில் என்னிடம் இருந்தது. எழுதியிருக்கிறார், திரையில் பெயர் தனியாக வந்தது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அம்மாவின் கை என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது. சற்றுத் தள்ளி நின்ற அப்பா ஏதோ ஒரு விலைச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா புடவையை அதன் மடிப்பிலேயே மடித்து வைத்துவிட்டு, அடுத்ததை எடுத்து விரித்தார்.

எவ்வளவு பெருமையான விஷயம், சொன்னால் என்ன என்று கை வலிக்க வலிக்க நான் நின்றுகொண்டிருந்தேன்.