காற்றில்லாக் கடலில் பிடாரி

சலவைக்கூடத்தில் அவளுக்கு அடங்காப்பிடாரி என்று பெயர். கூப்பிடுகிற அவசரத்தில் முன்பாதி உதிர்ந்து, பிடாரி மட்டும் நிலைத்துவிட்டது. மருத்துவமனைகளுக்கும் விடுதிகளுக்கும் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தரும் கூடம் அது. ஈர விரிப்பை இயந்திரத்திலிருந்து இழுத்து, உதறி, சூடான உருளைகளுக்கு நடுவே கொடுப்பது அவள் வேலை. மேற்பார்வையாளர் யாரையாவது "ஏய்" என்று கூப்பிட்டால், கூப்பிடப்பட்டவர் சும்மா இருந்தாலும் இவள் சும்மா இருக்கமாட்டாள். "அவங்களுக்குப் பேர் இருக்கு சார்" என்பாள். அதனாலேயே வருஷக்கணக்காக அதே உருளைக்கு முன்னால் நின்றாள். பின்னால் வந்து சேர்ந்தவர்கள் ஒவ்வொருவராக மேலே போனார்கள்.

ஒரு கோடையில், மூன்று பாய்மரங்கள் கொண்ட கப்பல் ஒன்று துறைமுகத்துக்கு வந்தது. நெடுந்தூரப் பந்தயத்துக்குப் போகிற வழியில் தங்கிய கப்பல். அதன் விரிப்புகள் சலவைக்கு வந்தன. வெளுத்த மூட்டையைத் திருப்பிக் கொடுக்கச் சலவைக்கூடத்து வேனில் போன பிடாரி, மேல்தளத்தில் நின்றபடி அண்ணாந்து பார்த்தாள். உயரத்தில், குறுக்குமரத்தின் மேல் வயிற்றைச் சாய்த்துக்கொண்டு ஏழெட்டுப் பேர் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

மூட்டையை எண்ணி வாங்க வந்தவர் கேப்டனேதான். ஒடிசலான மனிதர், பஞ்சு மாதிரி குரல்.

"மேல தொங்குறவங்க யாரு சார்?"

"பயிற்சிக்கு வந்த பசங்கம்மா. கப்பல்ல பாதிப் பேருக்காவது வயசு இருபத்தஞ்சுக்குள்ள இருக்கணும், அது பந்தய விதி. முன்னப்பின்ன கடலையே பாக்காதவங்ககூட வரலாம்."

"எனக்கு இருபத்தஞ்சு முடிய இன்னும் ரெண்டு மாசம் இருக்கு."

கேப்டன் சிரித்தார். "நான் உன் வயசைக் கேக்கவே இல்லையே?"

"கேக்க மாட்டீங்கன்னுதான் நானே சொல்றேன்."

ஊரில் வேலை பார்க்கும் இளைஞர்களுக்கென்று கட்டணமில்லாத இடம் ஒன்று காலியாக இருந்தது. அதற்கு அவள் பெயரை எழுதிக்கொண்டார்.

வீட்டில் அம்மா முதலில் சிரித்தாள். "படுத்த பாயைச் சுருட்டி வைக்கத் துப்பில்ல, கப்பல் பாயைச் சுருட்டப் போறாளாம்!" லாரிப் பட்டறையில் வெல்டிங் வேலை பார்க்கும் அண்ணன் சிரிக்கவில்லை. "மாப்பிள்ளை பாத்துக்கிட்டு இருக்கோம். பொண்ணு கடல்ல இருக்கான்னு சொன்னா எவன் வருவான்?"

"நீச்சல் தெரிஞ்சவன் வருவான்" என்றாள் பிடாரி.

அண்ணன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். மறுநாள் காலை அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியபோதும் அவன் கதவைத் திறந்து வெளியே வரவில்லை.

கடல் அவளை மாலை போட்டு வரவேற்கவில்லை. முதல் மூன்று நாளும் குடல் வெளியே வந்துவிடும்போல வாந்தி. எழுந்து நிற்க முடிந்ததும் பாய்மரத்தில் ஏறச் சொன்னார்கள். பாதி உயரத்தில் கயிற்றேணியோடு பல்லிபோல ஒட்டிக்கொண்டாள். கீழே பார்க்கவும் பயம், மேலே பார்க்கவும் பயம். அவளுக்குக் கொஞ்சம் கீழே சட்டக் கல்லூரி மாணவன் ஒருவன் ஏறிக்கொண்டிருந்தான். எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் எல்லோருக்கும் அவன் வக்கீல்.

"இறங்கிடு, யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க" என்றான், நல்ல மனதோடுதான்.

அந்த வார்த்தை அவளைச் சுட்டது. யாரும் ஒன்றும் சொல்லாமல் இருப்பதற்கா இவ்வளவு தூரம் வந்தோம்? கோபம் வந்தது; கோபம்தான் அவளை மேலே ஏற்றியது. அன்று பாயைப் பிடித்தவள் நகக்கண்ணில் ரத்தம் கசிகிறவரை விடவில்லை.

பந்தயம் தொடங்கி ஒரு வாரம் நல்ல காற்று. பிறகு, ஒரு நாள் விடிந்தபோது காற்று செத்துக் கிடந்தது. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல அசையாமல் இருந்தது. பாய்கள் ஆணியில் மாட்டிய சட்டைகளாகத் தொங்கின. அடுத்த நாளும் அப்படியே. குளிக்கத் தண்ணீர் கிடையாது என்றார்கள். ரேடியோவில் ஒவ்வொரு கப்பலாக இன்ஜினைப் போட்டுக்கொண்டு பந்தயத்திலிருந்து விலகும் செய்தி வந்தது. அவர்களெல்லாம் துறைமுகத்தில் நடக்கும் ஊர்வலத்துக்கும் விருந்துக்கும் போய்ச் சேர்ந்துவிடுவார்கள்.

அன்று காலையில்தான் பிடாரி கப்பல் போனில் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டு, எடுத்துவந்த விடுப்பை நீட்டித்துத் தரும்படி கேட்டிருந்தாள். "திங்கட்கிழமை வரலேன்னா அப்புறம் வரவே வேணாம்" என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

மதியம் கேப்டன் எல்லோரையும் மேல்தளத்துக்குக் கூப்பிட்டார். "இன்ஜின் போட்டா பந்தயம் நமக்கு முடிஞ்சது, நாளைக்கு ஊர்வலத்துல நடக்கலாம். போடலேன்னா, காத்து எப்ப வரும்னு எனக்கும் தெரியாது. நீங்களே முடிவு பண்ணுங்க."

வக்கீல் எழுந்தான். "எப்படியும் நாமதான் கடைசி. கடைசியா வர்றதுக்காக அழுக்கோட இங்க கிடக்கணுமா?"

"கடைசியா வர்றதும் வராமலே போறதும் ஒண்ணா?" என்றாள் பிடாரி. "கடைசியா வந்தவங்க போய்ச் சேந்தாங்கன்னு அர்த்தம். நான் இன்ஜினுக்குக் கை தூக்க மாட்டேன்."

"உன் வேலை போயிடுமே. போன்ல அவர் கத்தினது எங்க எல்லாருக்கும் கேட்டுச்சு."

"வேலையும் என்னோடது, ஓட்டும் என்னோடது. நீ உன் கையைப் பாத்துக்க."

கைகளை எண்ணினார்கள். இரண்டு ஓட்டு வித்தியாசத்தில் இன்ஜின் தோற்றது.

அதன் பிறகு நடந்தது வீரமாக ஒன்றும் இல்லை, வெறும் பாடு. கொஞ்சநஞ்சக் காற்றாவது தங்கட்டும் என்று வாளி வாளியாகக் கடல்நீரை மொண்டு பாய்களை நனைத்தார்கள். கன்னத்தில் லேசாக ஏதோ பட்டால் போதும், ஓடிப்போய்க் கயிறுகளை இழுத்தார்கள். சில சமயம் கப்பல் முன்னால் போனதைவிடப் பின்னால் மிதந்தது அதிகம். திங்கட்கிழமை வந்தது, போனது. அன்று முழுக்க அவள் வாளியைக் கீழே வைக்கவில்லை. வக்கீல் தன் பங்குத் தேநீரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான்.

காற்று வந்தபோது ஒரேயடியாக வந்தது. சாய்ந்த தளத்தில் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து எழுந்து கத்தினார்கள்.

எல்லைக்கோட்டைத் தாண்டித் துறைமுகத்துக்குள் நுழைந்தபோது, விழா முடிந்து ஆட்கள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். இன்ஜின் போட்டு முன்பே வந்து கரையோரம் நின்ற ஒரு கப்பலிலிருந்து ஒருவன் கேலியாகக் கத்தினான். "எங்கப்பா போயிருந்தீங்க இத்தனை நாளா?"

"பந்தயத்துக்குப் போயிருந்தோம்! நீங்க எங்க போயிருந்தீங்க?" என்று பிடாரி திருப்பிக் கத்தினாள். வக்கீல்தான் எல்லோரையும்விடப் பெரிதாகக் கைதட்டினான். பந்தயத்தை முடித்த கப்பல்கள் ஏழு, அவர்களுடையது ஏழாவது. கிளம்பியவை அதைப்போல மூன்று மடங்கு.

ஊர் திரும்பியதும் சலவைக்கூடத்துக்குப் போனாள். மேற்பார்வையாளர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், வேலை இல்லை என்றார். பிறகு கொஞ்சம் இறங்கிவந்து, "மன்னிப்புக் கேட்டா யோசிக்கிறேன்" என்றார்.

"லேட்டா வந்ததுக்கு மன்னிச்சிடுங்க சார். போனதுக்குக் கேக்க மாட்டேன்."

இரண்டுக்கும் கேட்கவேண்டும் என்றார். அவள் தன் அலமாரிச் சாவியை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டாள். வீட்டுக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதது நிஜம். அந்தக் குளிர்காலம் முழுக்க ஓர் உணவகத்தில் பாத்திரம் துலக்கினாள். அண்ணன் தினமும் "அப்பவே சொன்னேன்" என்று ஆரம்பிப்பான். "ஆமா, சொன்னே. நானும் கேட்டேன். கேட்டுட்டுத்தான் போனேன்" என்பாள்.

கப்பல் மறுபடி வந்தபோது கேப்டனைப் போய்ப் பார்த்தாள். அவர் வருத்தத்தோடு தலையாட்டினார். "உனக்கு வயசு தாண்டிடுச்சேம்மா."

"பாதிப் பேருக்குத்தானே வயசுக் கணக்கு? மீதிப் பாதியில என்னைப் போடுங்க. வேலைக்காரியா."

தளம் துடைக்கிற கடைசி ஆளாகச் சேர்ந்தாள். இப்போது பயிற்சிக்கு வருகிற இளைஞர்களில் ஓர் அணி அவள் பொறுப்பில் இருக்கிறது. கல்யாணமும் ஆனது, துறைமுகத்தில் பளுதூக்கி இயந்திரம் ஓட்டுகிறவரோடு. அவருக்கு நீச்சல் தெரியாது.

போன கோடையில் மறுபடி காற்று செத்தது. மறுபடி ஓட்டு. இந்த முறை இன்ஜின் வேண்டாம் என்று தூக்கியது ஒரே ஒரு கை. அவள் பொறுப்பில் இருந்த இளைஞர்கள்கூட எதிர்ப்பக்கம். தளத்தின் அடியில் இன்ஜின் உறுமத் தொடங்கியதும், அவள் பாய்களைச் சுருட்ட முதல் ஆளாக ஏறினாள். பக்கத்தில் வந்து நின்ற ஒரு பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "எங்க மேல கோவமாக்கா?"

"ஆமா, கோவம்தான். அந்தக் கயித்தை இறுக்கிப் பிடி." பாயை மடித்துக் கட்டியபடியே சொன்னாள்: "தோத்தது தோத்ததுதான். ஆனா அடுத்த தடவையும் நான் இதே கையைத்தான் தூக்குவேன், சொல்லிட்டேன்."