பதியாத விரல்களோடு கெரிச்சோவுக்கு

திங்கட்கிழமை காலை ஐந்தரைக்குப் பதுளையிலிருந்து கொழும்பு பஸ் புறப்பட்டது. நானும் அக்காவும் மட்டும். பெட்டி நான்கு, கைப்பை இரண்டு. பண்டாரவளை வருவதற்குள் மூன்று தடவை எண்ணிவிட்டேன். கென்யாவில் கெரிச்சோ என்ற தேயிலை ஊரில் அக்காவின் மகள் சாந்திக்குப் பிள்ளை பிறந்து ஒன்பது நாள். அவள் கணவர் அங்கே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் அதிகாரி. கூட இருந்து பார்க்கப் பெண் துணை இல்லை. அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது என்பதால், ஓய்வு பெற்ற ஆசிரியனான நானும் கிளம்பினேன்.

அக்கா ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் முப்பத்தெட்டு வருடம் தேயிலைக் கொழுந்து எடுத்தவள். விரல் நுனியெல்லாம் சாயக் கறை. வெளிநாட்டில் கைரேகை எடுப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆகவே இரண்டு நாள் எலுமிச்சம்பழமும் தேங்காய் நாரும் கொடுத்துத் தேய்க்க வைத்தேன். விரல்கள் வெளுத்துவிட்டன. எனக்குத் திருப்தி.

அன்றிரவு விமானம் ஏறி, வழியில் ஒன்று மாறி, செவ்வாய் காலை ஒன்பதுக்கு நைரோபியில் இறங்கினோம். நுழைவு அனுமதியை மாப்பிள்ளை இணையத்திலேயே எடுத்திருந்தார். நான் நான்கு பிரதி வைத்திருந்தேன், ஒருவரும் கேட்கவில்லை. வரிசையில் எங்களுக்கு முன்னால் பதினேழு பேர். கண்ணாடித் தட்டில் விரல் வைத்தால் பச்சை விளக்கு, அவ்வளவுதான். என் பத்து விரலும் உடனே பதிந்தன.

அக்காவுக்குச் சிவப்பு. துடைத்து வைத்தாள், மறுபடி சிவப்பு. இடக்கை வைத்தாள், அதுவும் சிவப்பு.

மேசைக்குப் பின்னால் இருந்த இளம் அதிகாரி அக்காவின் கையைத் திருப்பிப் பார்த்து, "தோல் உரிந்திருக்கிறதே, என்ன செய்தீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

நான் தமிழில் சொன்னதும் அக்கா பிடித்துக்கொண்டாள். "இந்த வாத்தியாருதான் சட்டி வெளக்குற மாதிரி வெளக்கச் சொன்னாரு. சொல்லு தம்பி, அதையும் இங்கிலீசுல சொல்லு."

சொன்னேன். ஒரு ரேகையாவது பதிந்தால்தான் உள்ளே விட முடியும் என்றாள் அதிகாரி. திரும்பிப் போகும் விமானம் எத்தனை மணிக்கு என்று பலகையைத் தேட ஆரம்பித்தேன்.

"மூஞ்சிய அப்படி வைக்காத," என்றாள் அக்கா. "அனுப்புனா என்னையத்தான அனுப்புவாங்க. நீ போயி பிள்ளைய குளிப்பாட்டு, பத்தியம் ஆக்கிப் போடு."

அக்கா என்ன வேலை பார்த்தவள் என்று அதிகாரி கேட்டாள். தேயிலை என்றேன். "எங்கள் தேயிலைப் பக்கத்துப் பெண்களுக்கும் இதே தொல்லைதான்," என்று இழுப்பறையிலிருந்து களிம்பு டப்பாவை எடுத்தாள். ஒவ்வொரு விரலாகத் தடவி, ஒவ்வொன்றாகத் தட்டில் வைத்தாள். ஒன்பது விரல் சிவப்பு. இடக்கைச் சுண்டுவிரலில் பச்சை எரிந்தது.

அக்கா அதையே பார்த்தாள். "பாத்தியா தம்பி! இது ஒன்னுதான் கொழுந்து பக்கமே போகாதது. வேல செஞ்சதுக்கெல்லாம் செவப்பு, சும்மா இருந்ததுக்குப் பச்ச!"

அதை மொழிபெயர்த்தேன். அதிகாரி சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினாள்.

வெளியே மாப்பிள்ளை காருடன் நின்றார். கெரிச்சோ ஏறத்தாழ 260 கிலோமீட்டர். வழியில் சுட்ட சோளம், கதிர் நாற்பது ஷில்லிங். நான் நோட்டை நீட்டினேன். விற்ற பெண் தலையாட்டிவிட்டுத் தகரத்தில் எழுதியிருந்த போன் இலக்கத்தைக் காட்டினாள். "போன்ல காசு போட்டாப் போதும் மாமா, சில்லற தொல்ல இல்ல," என்றார் மாப்பிள்ளை. அவர் அனுப்பி முடிப்பதற்குள் அவள் இடுப்பில் போன் ஒலித்தது. இங்கே கொழுந்தைத் தராசில் வைத்ததும், எத்தனை கிலோ என்று அதை விற்கும் சிறு தோட்டக்காரரின் போனுக்கே செய்தி போய்விடும் என்றும் அவர் சொன்னார்.

நம் பக்கம் தோட்ட ஆபீசில் சம்பளம் வாங்க அக்கா மையில் கட்டைவிரலைத் தோய்த்து வைத்ததை எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன். கறுப்பாக ஏதாவது விழுந்தால் சரி. அதில் ரேகை இருக்கிறதா என்று ஒருவரும் குனிந்து பார்த்ததில்லை. இங்கே இயந்திரம் பார்த்தது. எனக்கு உயிர் போய் வந்தது உண்மைதான். ஆனாலும் அக்காவின் கையை ஒருவர் அவ்வளவு நேரம் பிடித்துப் பார்த்தது நினைவுக்கு வர, கோபம் வரவில்லை. சோளத்தை நிம்மதியாகத் தின்றேன்.

மாலை ஐந்து மணிக்குக் கெரிச்சோ. பண்டாரவளை போலவே குளிர், சாலையின் இரு பக்கமும் தேயிலை. சாந்தி பிள்ளையோடு வாசலில் நின்றாள். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுப் பத்து விரலையும் விரித்து நீட்டினாள்.

"உள்ள வரலாமா, இல்ல இங்கயும் விரலு வைக்கணுமா?"

சாந்திக்கு ஒன்றும் புரியவில்லை. "மொதல்ல கைய கழுவிட்டு வாங்கம்மா," என்றாள். "பிள்ளைய தூக்கணும்."