நூற்றெண்பது மரம் நிற்கும் தரிசு

தொட்டியில் மரம் வளர்க்கிறவளுக்குச் சித்திரை, வைகாசியில் தூக்கமும் கிடையாது, நல்ல வார்த்தையும் கிடையாது. மொட்டைமாடியில் நாலு தொட்டியை வைத்துக்கொண்டு தினமும் வானத்தை முறைத்துப் பார்க்கிற உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்களும் என் சாதிதான்.

எனக்கு மன்னார்குடிக்கு வெளியே, பாமணி ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு மா நிலம், ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு. சொந்தமில்லை, குத்தகை. அப்பா நிலத்துக்காரர் பண்ணையில் கூலிக்கு நின்று, பிறகு இதைக் குத்தகைக்குப் பிடித்தவர். குத்தகைக்காரர் பெயரைப் பதிய வேண்டும் என்று சட்டம் வந்தபோது, பயந்து பயந்து போய்ப் பதிந்துவிட்டு வந்தார். அவருக்குப் பிறகு என் பெயர். ஆற்றில் தண்ணீர் வராத வருஷங்களில் நெல்லை விட்டுவிட்டு, அரசுப் பண்ணையில் தினக்கூலியாக இருந்தபோது கற்றுக்கொண்ட வேலையை இங்கே ஆரம்பித்தேன். ஆல், அத்தி, இலுப்பை, புன்னை, மருதம், நாவல் என்று தொட்டிக்குள்ளேயே வளர்ந்து வயசான நூற்றெண்பது மரங்கள்.

நான் சொல்லப்போகிற கோடையில் வெயிலோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. நிலத்துக்காரர் சிதம்பரநாதன் இந்த இடத்தை மனை போட்டு விற்க ஆசைப்பட்டார். ‘குத்தகைக்காரி சாகுபடி செய்யவில்லை, நிலம் தரிசாகக் கிடக்கிறது, காலி செய்யச் சொல்லுங்கள்’ என்று தாலுகா ஆபீசில் மனு கொடுத்துவிட்டார். தரிசு என்று முடிவானால் நூற்றெண்பது தொட்டியோடு நான் ரோட்டுக்கு வர வேண்டியதுதான். அந்த வெயிலில் வண்டியில் ஏற்றி இறக்கினாலே பாதி மரம் செத்துப்போகும்.

ஏசி வைத்தியம்

என் வழக்கைப் பார்த்துக்கொண்ட வக்கீல் திருவிடைமருதூர்க்காரர். அந்த ஊர்க் கோயில் மரமே மருதம்தான். வீட்டிலும் ஒன்று இருக்கட்டும் என்று முழ உயர மருதம் ஒன்றை என்னிடம் வாங்கிப்போயிருந்தார். அக்னி நட்சத்திரம் தொடங்கியதும் மனிதருக்கு இரக்கம் பொங்கிவிட்டது. மரத்தைத் தூக்கிக்கொண்டு போய் ஏசி அறையில் வைத்து, ஜன்னலைச் சாத்தி, திரையையும் இழுத்துவிட்டிருக்கிறார். பத்தே நாளில் ஒரு இலை பாக்கியில்லை.

காரின் முன் சீட்டில் உட்கார வைத்து அதை என்னிடம் கொண்டுவந்தார். காலை வெயிலும் காற்றும் வேண்டும், உச்சிப்பொழுதுக்கு மட்டும் நிழல் போதும் என்று விற்கும்போதே மூன்று தரம் சொல்லியிருந்தேன். எனக்கு வழக்காடுகிறவர் என்றுகூடப் பார்க்காமல் கத்திவிட்டேன். அவர் கொஞ்சமும் கோபப்படாமல் சொன்னார்: “நாங்க மூணு பேரு அந்த ரூம்லதாம்மா படுக்கிறோம். எங்களுக்கு ஒண்ணும் ஆகலியே!”

இரண்டு மணித் தண்ணீர்

நன்னிலத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். நேரம் தவறாதவர். மத்தியானம் சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு, சரியாக இரண்டு மணிக்கு மாடியேறி ரப்பர் குழாயால் இலுப்பைக்குத் தண்ணீர் விடுவாராம். காலையிலிருந்து வெயிலில் கிடந்த குழாய்க்குள் இருக்கும் தண்ணீரில் காப்பி கலக்கலாம். அதை நேராக வேரில் விட்டால்?

பட்டை சுருங்கிப்போன இலுப்பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்தார். மண்ணைக் கிளறினேன். வேரெல்லாம் வெந்து, தொட்டால் தோல் கழன்று வந்தது. பன்னிரண்டு வருஷம் நான் வளர்த்துக் கொடுத்த மரம். என் வாயில் வந்ததையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, வகுப்பில் கேள்வி கேட்கிற மாதிரியே கேட்டார்: “ஊத்தாம விட்டாலும் திட்றீங்க, ஊத்தினாலும் திட்றீங்க. உங்களுக்கு என்னதாம்மா வேணும்?”

கட்டத்தில் ஒரு வார்த்தை

முதலில் அடங்கல் நகல் வாங்கி வாருங்கள் என்றார் வக்கீல். எந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார்கள், எத்தனை மரம் நிற்கிறது என்பதெல்லாம் ஒவ்வொரு பசலி ஆண்டுக்கும் அந்தக் கணக்கில்தான் ஏறும். நம் நூற்றெண்பதும் அதில் இருக்கும் என்ற தெம்போடு வி.ஏ.ஓ. ஆபீசுக்குப் போனேன். என் சர்வே நம்பருக்கு நேரே ‘தரிசு’ என்று இருந்தது. மரம் என்ற கட்டத்தில் ஒரு கோடு.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. ஒருநாள்கூட வந்து பார்க்காமல் எப்படி எழுதினீர்கள் என்று கேட்டேன். வந்து பார்த்தேனே, தொட்டிகளாக இருந்ததே என்றார். தொட்டியில் இருப்பது மரம் இல்லாமல் வேறென்ன என்று மேசையைத் தட்டினேன். அவர் மின்விசிறியை என் பக்கம் திருப்பிவைத்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: “வேர் நிலத்துல இருந்தாதாங்க மரம். தொட்டில இருந்தா அது சாமான். உங்க வீட்டு பீரோவை அடங்கல்ல ஏத்த முடியுமா, சொல்லுங்க?”

மேடைக்கு இருபது

ஆளுங்கட்சிக் கிளைச் செயலாளர் ஒரு வார்த்தை சொன்னால் ஆபீசில் நடக்கும் என்றார்கள். போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “பார்த்துக்கலாங்க்கா” என்றார். அதே மூச்சில், மறுநாள் அமைச்சர் கூட்டம், மேடைக்கு முன்னால் வைக்க இருபது தொட்டி வேண்டும் என்றார். எந்த வாயால் மாட்டேன் என்பது?

காலை எட்டு மணிக்கே தார் ரோட்டோரம் வரிசையாக அடுக்கிவிட்டார்கள். அமைச்சர் வந்தது சாயங்காலம் ஆறுக்கு. அதுவரை ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. தலைவர்களின் கட்அவுட்டுக்குக்கூட ஒருபக்கம் நிழல் இருந்தது, என் மரங்களுக்கு இல்லை. திரும்பி வந்த இருபதில் ஏழு மரங்கள் சுண்டைக்காய் வற்றலாகக் காய்ந்திருந்தன. என் விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். செயலாளர் முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னதை அப்படியே தருகிறேன்: “அமைச்சர் ரொம்பப் பாராட்டினாருக்கா. பிளாஸ்டிக்குன்னே நெனைச்சுட்டாரு!”

பிரித்த கொட்டகை

கூட்டம் முடிந்த மூன்றாம் நாள் நான் நகல் வாங்க மறுபடி ஆபீசுக்குப் போயிருந்தேன். தோட்டத்தில் என்னோடு வேலை பார்க்கும் வசந்தா மட்டும் இருந்தாள். சிதம்பரநாதன் நாலு ஆளோடு வந்து, தொட்டிகளுக்கு மேலே போட்டிருந்த கீற்றுக் கொட்டகையைப் பிரித்துப்போட்டுவிட்டார். தன் நிலத்தில் கேட்காமல் போட்ட பந்தலாம். வசந்தா காலில் விழாத குறையாகக் கெஞ்சியிருக்கிறாள், சாயங்காலம் வரையாவது விடுங்கள் என்று. நான் வந்தபோது மணி ஒன்று. தொட்டி ஓட்டில் கை வைக்க முடியவில்லை. தடித்த புன்னை இலைகூடச் சுருண்டு கிடந்தது.

நேராக அவர் வீட்டுக்குப் போய் வாசலில் நின்று சத்தம் போட்டேன். எங்கள் அப்பா அதே வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றவர், நான் குரலை இறக்கவே இல்லை. என்னைவிட ஐந்து வயசு சின்னவர் அவர். உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாமல் சொன்னார்: “பந்தலைத்தானே பிரிச்சேன் மல்லிகா. உன் மரத்துல ஒரு இலையைத் தொட்டேனா?”

தூக்கிப் பார்த்த நாள்

நிழல் போனபிறகு ஒரே வழிதான் இருந்தது. நிலத்தைத் தோண்டி, தொட்டிகளைக் கழுத்துவரை புதைத்து, சுற்றிலும் வைக்கோலைப் பரப்பி நனைத்துவைப்பது. நானும் வசந்தாவும் நாலு நாள் கடப்பாரை பிடித்தோம். வெடித்துக் கிடந்த களிமண், கையெல்லாம் கொப்புளம். ஆனால் இதில் ஒரு கண்டிப்பு உண்டு. வாரம் ஒருமுறை ஒவ்வொரு தொட்டியையும் தூக்கி, அடி ஓட்டை வழியாக வெளியே வந்த வேரை நறுக்கிவிட வேண்டும். விட்டால் வேர் பூமியைப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் அது தொட்டி மரமே இல்லை. நூற்றெழுபத்திரண்டு தொட்டியை வாரம் தவறாமல் தூக்கினோம். (ஏழு மேடையில் போனது உங்களுக்கே தெரியும்.) ஒன்றை மட்டும் விட்டுவிட்டோம். கோயில் மதில் இடுக்கில் முளைத்ததைப் பிடுங்கி வந்து நான் இருபத்திரண்டு வருஷம் வளர்த்த ஆல். என் இடுப்பு உயரம்தான், ஆனால் தொட்டியைக் குழிக்குள் உருட்டித் தள்ளினோமே தவிர, திரும்பத் தூக்க நாலு ஆள் வேண்டும். சின்னத் தொட்டிகளைத் தூக்கியே வசந்தாவுக்கு முதுகு பிடித்திருந்தது.

ஆடியில் தாசில்தார் நேரிலேயே வந்தார். கூடவே வி.ஏ.ஓ., தலையாரி, சிதம்பரநாதன், என் பக்கம் வக்கீல். எல்லாம் எடுத்துக்கொண்டு போகிற சாமான்தான் ஐயா என்றார் வி.ஏ.ஓ. தூக்கிக் காட்டச் சொன்னார் தாசில்தார். தலையாரி ஒவ்வொன்றாகத் தூக்கினார். நாவல் வந்தது, அத்தி வந்தது, இலுப்பை வந்தது. அடியெல்லாம் சுத்தமாக இருந்தது, ஒரு வேர் வெளியே இல்லை. என் வேலை சுத்தம் என்று எப்போதும் பெருமைப்படுகிறவள், அன்றைக்கு அந்தச் சுத்தத்தைச் சபித்தேன். ஐம்பதாவதற்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை, வசந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி நின்றேன்.

ஆலமரத் தொட்டி அசையவில்லை. தலையாரியோடு இன்னும் இரண்டு பேர் சேர்ந்தார்கள். பொறுமை போய்ச் சிதம்பரநாதனே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, விளிம்பைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். தொட்டி படாரென்று பிளந்து அவர் கையோடு வந்தது. மரம் நின்ற இடத்திலேயே நின்றது. தாசில்தார் குனிந்து மண்ணைத் தள்ளிப் பார்த்தார். விரல் கனத்தில் ஐந்தாறு வேர் களிமண்ணுக்குள் இறங்கியிருந்தது.

“இது மரம்தானேய்யா? எழுதுங்க. ஆல் ஒண்ணு, நில அனுபவம் மல்லிகா. தரிசை அடிச்சிடுங்க” என்றார். வசந்தா ஓவென்று அழுதுவிட்டாள். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் பாதி சந்தோஷம், பாதி ஆத்திரம். இருபத்திரண்டு வருஷம் கிளை கிளையாகக் கிள்ளி, இலை இலையாகச் சின்னதாக்கி வைத்திருந்த மரம் இனிமேல் எல்லா ஊரிலும் நிற்கிற ஆலமரமாகத்தான் வளரும். அந்த நேரம் பார்த்து வி.ஏ.ஓ. என் பக்கத்தில் வந்து அக்கறையாகச் சொன்னார்: “இதை மொதல்லயே செஞ்சிருக்கலாமேம்மா! எதுக்கு எங்களை வெயில்ல இவ்வளவு அலைய விட்டீங்க?”

ஆகவே தோழர்களே, ஒழுங்காகப் பார்த்த நூற்றெழுபத்திரண்டும் என்னை ரோட்டில் நிறுத்தப் பார்க்க, நான் பார்க்காமல் விட்ட ஒன்றுதான் என்னை இந்த நிலத்தில் வைத்திருக்கிறது.