நொரிகோவின் சிமிழும் மங்களாவின் தூளும்

என் மனைவி மங்களா ஒன்பது நாளாக வீட்டுக்குள்ளேயே உடுப்புக் காயப்போட்டாள்.

இதிலென்ன அதிசயம் என்று கேட்பீர்கள். லண்டன் ரெய்னர்ஸ் லேனில் இருபது வருடமாக இருக்கிறோம். வெயில் எட்டிப் பார்த்த எந்த நாளிலும் எங்கள் வீட்டு உடுப்பு உள்ளே காய்ந்ததில்லை. அப்படியிருக்க, வெளியே நல்ல வெயில் எறிக்கிறது. நான் வீட்டில் கட்டும் சாரம் படிக்கட்டுக் கைப்பிடியில் தொங்குகிறது. ஏன்? கொடி கட்டியிருப்பது வேலியோரம். வேலிக்கு அந்தப் பக்கம் நொரிகோ.

நொரிகோ ஜப்பான்காரர். வயது அறுபத்தைந்து இருக்கும். ஒரு வெள்ளைக்காரரைக் கல்யாணம் செய்து இங்கே வந்தவர்; அவர் காலமான பிறகு தனியே இருக்கிறார். சனிக்கிழமைகளில் முன்னறையில் பாய் விரித்து, நாலு ஆங்கிலேயர்களுக்குத் தேநீர்ச் சடங்கு படிப்பிக்கிறார். ஒரு கோப்பை டீ கைக்கு வர ஒரு மணித்தியாலம் எடுக்குமாம். எங்கள் ஆட்கள் அதற்குள் ஒரு கல்யாணத்தைப் பேசி முடித்து, அதைக் குழப்பியும் விடுவார்கள்.

மங்களாவுக்கு லண்டனில் சொந்தக்காரருக்குக் குறைவில்லை. ஸ்ட்ரெதத்தில் ஒரு கூட்டம், ஈஸ்ட் ஹாமில் இரண்டு கூட்டம். ஆனால் சிநேகிதி என்று சொல்ல நொரிகோ ஒருவர்தான். வியாழக்கிழமை தோறும் காலை பத்து மணிக்கு இருவரும் பார்க்கில் நடக்கப் போவார்கள். இருவரும் பேசுவது ஆங்கிலம்தான் — அப்படித்தான் அவர்கள் சொல்கிறார்கள். மங்களாவின் ஆங்கிலம் நொரிகோவுக்கு மட்டும் விளங்கும், நொரிகோவின் ஆங்கிலம் மங்களாவுக்கு மட்டும் விளங்கும். அது போதாதா?

இந்த வருடத் தொடக்கத்தில் நொரிகோவுக்கு இடுப்பு எலும்பில் ஒப்பரேஷன். ஆறு கிழமை, ஒன்றரை மாதம், நடமாட முடியாது. மங்களா விடுவாளா? தினமும் பின்னேரம் ஆறு மணிக்குப் புட்டும் சொதியும் எடுத்துக்கொண்டு போனாள். ஆறு கிழமையும் புட்டு. ‘இடைக்கிடை வேற ஏதாவது குடுக்கலாமே’ என்றேன். ‘நோயாளிக்குப் புட்டுத்தான் பத்தியம்’ என்றாள். அப்படி எந்த வைத்தியர் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. எனக்கும் வீட்டில் சாப்பாடு வேண்டும்.

உடம்பு தேறியதும் நொரிகோ வந்தார். இரண்டு கைகளாலும் ஒரு சிறிய மரப்பெட்டியை நீட்டினார். குனிந்தார். மங்களாவும் குனிந்தாள். நானும் எதற்கும் இருக்கட்டும் என்று குனிந்தேன்.

பெட்டிக்குள் ஒரு சிமிழ். உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. கண்ணாடி போலப் பளபளக்கும் கறுப்பு. மூடியில் பொன்னிறத்தில் மூன்று புல்லிதழ்கள். மூடி எங்கே முடிகிறது, சிமிழ் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. உள்ளே பச்சை நிறத்தில் ஒரு தூள்.

மங்களா மோந்து பார்த்தாள்.

‘மருதாணி மாதிரிக் கிடக்கு.’

‘டீயாம்’ என்றேன்.

பாலை நன்றாகக் காய்ச்சி, இரண்டு கரண்டி சீனி போட்டு, அந்தத் தூளையும் போட்டு ஆற்றித் தந்தாள். புல்லு வெட்டின நாளில் தோட்டத்தில் ஒரு மணம் வருமே... அது பாலுக்குள் வந்திருந்தது. குடித்தேன். வேறு வழி?

ஒரு கிழமையில் தூள் முடிந்தது. இனித்தான் விஷயம் இருக்கிறது. எங்கள் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பக்கத்து வீட்டில் இருந்து ஒரு பாத்திரத்தில் ஏதாவது வந்தால், சாமானை எடுத்துக்கொண்டு பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுக்க வேண்டும். வெறும் பாத்திரமாகக் கொடுக்கவே கூடாது. ஐஸ்கிரீம் டப்பாவில் கத்தரிக்காய்க் குழம்பு வந்தால், அதே டப்பாவில் முறுக்குப் போகும். லண்டனில் தமிழருக்குள் எத்தனை டப்பாக்கள் இப்படி வருடக்கணக்கில் நடந்து திரிகின்றன என்று யார் கண்டார்?

ஆகவே மங்களா சிமிழைக் கழுவினாள். சோப் போட்டு. ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும் என்று இரண்டு நாள் ஜன்னலில் வெயிலுக்கு வைத்தாள். பிறகு தன்னிடம் இருந்ததிலேயே உயர்ந்த பொருளால் அதை நிரப்பினாள். செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், மிளகு, கறிவேப்பிலை எல்லாம் கையால் வறுத்து அரைத்த கறித்தூள். அந்தத் தூளை அவள் தன் சொந்தத் தங்கைக்கே அளந்துதான் கொடுப்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள்.

‘திறந்து மோந்து பாத்திட்டு ரெண்டு தரம் குனிஞ்சவ. நல்லாப் பிடிச்சுப்போச்சு.’

ஞாயிற்றுக்கிழமை எங்கள் மகள் தர்ஷி வந்தாள். ஃபோனில் கேள்விப்பட்டிருந்த பெட்டி எங்கே, சிமிழ் எங்கே என்று தேடினாள். மங்களா பெருமையோடு நடந்ததைச் சொன்னாள். தர்ஷி கதிரையில் இருந்துவிட்டாள்.

‘அம்மா, ஆர் யூ சீரியஸ்? டீ இஸ் நாட் த கிஃப்ட். அந்தச் சிமிழ்தான் கிஃப்ட். யூ கேவ் இட் பேக்?’

ஃபோனைத் தட்டிக் காட்டினாள். அது தேநீர்ச் சடங்குக்கென்றே கையால் செய்யும் சிமிழாம். ஒரு மரத்தின் பாலை எடுத்துப் பூசி, காயவிட்டு, தேய்த்து, திரும்பப் பூசி... மாதக்கணக்கான வேலையாம். வெயில் படக்கூடாதாம். வாசனையுள்ள எதையும் அதற்குக் கிட்டவும் கொண்டுபோகக் கூடாதாம். விலையையும் காட்டினாள். அதை நான் இங்கே எழுதமாட்டேன். சொந்தக்காரரும் நான் எழுதும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள்.

மங்களாவின் முகம் வெளிறிப்போனது. பரிசைத் திருப்பிக் கொடுத்தால் என்ன அர்த்தம்? உன் சிநேகிதம் வேண்டாம் என்று அர்த்தம். எந்த ஊரிலும் அதுதான் அர்த்தம். அதுவும் கறித்தூள் போட்டு...

அன்றைக்குத்தான் உடுப்பு வீட்டுக்குள் வந்தது.

வியாழக்கிழமை பத்து மணிக்கு மங்களா சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஜன்னலடியில் நின்றாள். நொரிகோ வரவில்லை. பத்தரைக்குச் சப்பாத்தைக் கழற்றினாள். குசினிக்குள் போய் வெங்காயம் வெட்டினாள். அன்றைய கறிக்கு வெங்காயம் தேவையே இல்லை. வழக்கமாக இந்த இடத்தில் நான் ஏதாவது பகிடி விடுவேன். அன்றைக்கு வெங்காயத் தோலைப் பொறுக்கிக் குப்பையில் போட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை முடிவெடுத்தேன்.

‘வெளிக்கிடும். போய் மன்னிப்புக் கேப்பம்.’

‘எனக்கு ஏலாது. நீங்கள் போங்கோ.’

‘தூள் வறுத்தது நானோ? நீர்தான் வரவேணும்.’

மணியை அடித்தோம். நொரிகோ கதவைத் திறந்தார். மங்களாவைக் கண்டதும் — இதைக் கவனியுங்கள் — அவர் முகமும் வெளிறியது.

முன்னறைப் பாயில் இருந்தோம். நடுவில் அந்தச் சிமிழ். மங்களா வாயைத் திறக்குமுன் நொரிகோ குனிந்து மன்னிப்புக் கேட்டார்.

‘உங்கள் டீயை நான் சரியாகச் செய்யவில்லை.’

எங்கள் டீயா?

சிமிழ் நிறைந்து வந்ததும் அவர் அப்படித்தான் நினைத்திருக்கிறார். தான் ஜப்பான் தேநீரைக் கொடுத்ததற்கு, மங்களா தன் நாட்டு மசாலாத் தேநீரை அதே சிமிழில் கொடுத்திருக்கிறாள், எவ்வளவு அழகான மறுமொழி என்று. பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பாத வழக்கம் அவர்கள் ஊரிலும் உண்டாம். அடுத்த நாள் சனிக்கிழமை. வகுப்பு. நாலு ஆங்கிலேயர்கள் முழங்காலில். ஆளுக்கு இரண்டு மூங்கில் கரண்டித் தூள், வெந்நீர், நுரை வரும்வரை கடைதல்.

‘நீங்கள் ருசி பார்க்கவில்லையா?’ என்று மங்களா மெல்லக் கேட்டாள்.

தேநீர் கொடுப்பவர் குடிப்பதில்லையாம். அதுதான் முறையாம். விருந்தாளி மிச்சம் வைக்கக்கூடாதாம். கடைசி மிடறைச் சத்தமாக உறிஞ்ச வேண்டுமாம். நாலு பேரும் உறிஞ்சியிருக்கிறார்கள். முதலாவது ஆள் ஒன்றும் சொல்லவில்லை, அதனால் இரண்டாவது ஆளும் ஒன்றும் சொல்லவில்லை. ஆங்கிலேயர் அல்லவா?

‘எல்லோருக்கும் கண் கலங்கியிருந்தது. மனம் உருகிவிட்டார்கள் என்று நினைத்தேன்’ என்றார் நொரிகோ.

பின்னேரம் தனக்கென்று ஒரு கோப்பை செய்து குடித்தபோதுதான் விஷயம் தெரிந்திருக்கிறது. அதன் பிறகு எந்த முகத்தோடு வாக்கிங் வருவது? டீ எப்படி இருந்தது என்று மங்களா கேட்டால் என்ன சொல்வது? பொய் சொல்லவும் மனமில்லை, உண்மை சொல்லவும் துணிவில்லை. அவரும் ஒன்பது நாள் ஒளித்திருக்கிறார். வேலிக்கு இரண்டு பக்கமும் உடுப்பு வீட்டுக்குள் காய்ந்திருக்கிறது.

மரியாதை என்று ஒன்றைக் கண்டுபிடித்தவனை எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. சண்டை போட்டிருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

மங்களா நிமிர்ந்து இருந்தாள். நெஞ்சில் கையை வைத்தாள்.

‘அது டீ இல்லை. கறித்தூள். உங்கள் பச்சை டீயும் எனக்குப் பிடிக்கவில்லை. பால் விட்டுக் குடித்தோம்.’

பால் என்றதும் நொரிகோ கண்ணை மூடினார். பிறகு திறந்தார்.

‘எனக்குப் புட்டுப் பிடிக்காது’ என்றார். ‘தொண்டையில் அடைக்கும். முதல் நாளிலிருந்தே பிடிக்காது.’

மங்களா எழும்பிப் போகப்போகிறாள் என்று நினைத்து நான் சப்பாத்தைத் தேடினேன். ஆறு கிழமைப் புட்டு இது.

‘பின்னை ஏன் ஒருநாளும் சொல்லவில்லை?’

‘சொன்னால் நீங்கள் வராமல் விட்டுவிடுவீர்கள்’ என்றார் நொரிகோ. ‘ஆறு மணிக்கு மணி அடிப்பதற்காகத்தான் ஒவ்வொரு நாளும் காத்திருந்தேன்.’

மங்களாவின் கண் நிறைந்தது. நொரிகோவுக்கும். இந்தத் தடவை தூள் எதுவும் காரணமில்லை. பிறகு யார் முதலில் சிரித்தது என்று தெரியாது, இரண்டு பேரும் ஒருவர் தோளில் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். சிமிழ் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தது. கறி வாசம் இனிப் போகாதாம். ஆனாலும் அது மங்களாவுடையதுதானாம். வியாழக்கிழமை பத்து மணிக்கு இருவரும் பார்க்குக்குப் போகிறார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் மங்களா சொன்னாள். ‘பாத்தீங்களே... உண்மையைச் சொன்ன பிறகுதான் மனசுக்கு எவ்வளவு நிம்மதி. நீங்களும் எனக்கு ஏதும் ஒளிக்கிறதெண்டால் இப்பவே சொல்லுங்கோ.’

முப்பத்தொரு வருடமாக நானும் அந்தப் புட்டைத்தான் சாப்பிடுகிறேன். வாயைத் திறந்தேன்.

ஆனால் புட்டுப் பிடிக்காது என்று சிநேகிதி சொல்லலாம், நான் புருஷன். மூடிக்கொண்டேன்.