பாலத்தைத் தாங்கிய ஜாக்கி

பேருந்துப் பணிமனையில் அவனை ஜாக்கி என்றுதான் அழைப்பார்கள். ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கி நிறுத்துவது அவன் வேலை. பிழைப்புத் தேடிக் கடல் கடந்து வந்தவன். அவன் மனைவி அதே பணிமனையில் இருக்கைகளுக்கு உறை தைத்தாள். டயர் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறை அவர்கள் வீடு. கீழே ரப்பரைச் சூடாக்கினால் மேலே சோறு நாறும். குடியுரிமை கேட்டு அவன் போட்ட மனுக்களெல்லாம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தன. வரி பிடிக்கும்போது மட்டும் அவன் வெளியாள் என்பது அரசாங்கத்துக்கு மறந்துவிடும்.

பணிமனையில் ஒரு கண்டிப்பு உண்டு. ஜாக்கியை வைத்தவனே அதை எடுக்க வேண்டும். வேறு கை படக்கூடாது. வண்டிக்கடியில் ஆள் இருக்கும்வரை வைத்தவன் இடத்தை விட்டு நகரக்கூடாது, தீப்பிடித்தாலும் சரி. மேஸ்திரி கூப்பிட்டாலும் நகராமல் நின்று, அவரிடமே ஏச்சு வாங்கி, பிறகு அவரிடமே முதுகில் தட்டும் வாங்கியவன் அவன்.

போர் வந்தது. பேருந்து நிலையத்தில் விழுந்த குண்டு, டிக்கெட் எடுத்தவனையும் எடுக்காதவனையும் சேர்த்தே கொன்றது. மறுநாள் அவன் படையில் பெயர் கொடுத்துவிட்டு வந்தான்.

"உங்களை ஊர்க்காரனாவே சேர்த்துக்காத ஊருக்கு நீங்க உயிரைக் குடுக்கப் போறீங்களா?" என்று மனைவி கத்தினாள்.

"குண்டு போடுறவன் என்ன, மனுவைப் பார்த்துட்டா போடுறான்?"

"இந்த வாய் மட்டும் இல்லன்னா உங்களை நாய் தூக்கிட்டுப் போயிரும்."

"அதான் கூடவே கொண்டு போறேன்," என்றான் அவன்.

படையிலும் அவனுக்கு வண்டி வேலைதான். பின்வாங்கிக்கொண்டிருந்த ஒரு நாள், ஆற்றுப் பாலத்தின் உத்தரம் ஒன்று வெடித்துத் தொங்கியது. அவன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அதற்கடியில் ஜாக்கிகளால் முட்டுக்கொடுத்தான். சேற்றில் அவை புதையப் புதைய, கைப்பிடியைத் திருகிக்கொண்டே இருந்தான். எல்லாரும் உடனே விலகச் சொல்லிக் கட்டளை வந்தது. காயம்பட்டவர்களை ஏற்றிய ஆம்புலன்ஸ்கள் அப்போதும் அக்கரையில் நின்றன. கடைசி ஆம்புலன்ஸ் பாலம் தாண்டியது. அடுத்து விழுந்த குண்டு பாலத்தையும் அவனையும் சேர்த்து எடுத்துக்கொண்டது.

இவ்வளவும் மனைவிக்கு முதலில் தெரியாது. விசாரணை அதிகாரி அறைக்கு வந்து, நின்றபடியே சொன்னார்.

"விலகச் சொன்ன பிறகும் விலகலை. கட்டளையை மீறினவருக்கு ராணுவ மரியாதை கிடையாதும்மா. நாளைக்குச் சாதாரணமா அடக்கம் பண்ணிக்கலாம். வெளியில இருந்து வந்தவங்களுக்கு ஒழுங்கு படிய நாளாகும்."

அவள் தையல் ஊசியை உறையில் குத்தி வைத்தாள். "அவர் ஏன் விலகலைன்னு யாரையாவது கேட்டீங்களா?"

"அங்க இருந்தவங்க எல்லாம் ஆஸ்பத்திரியில படுத்திருக்காங்க."

"படுத்திருந்தா வாய் பேசாதா?"

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். துக்கம் கேட்க வந்த பக்கத்து அறைக்காரி, "எல்லாம் விதிம்மா," என்று பெருமூச்சு விட்டாள்.

"விதி தொப்பி போட்டுக்கிட்டு மாடிப்படி ஏறி வருமாக்கா? இது அந்த ஆள் பண்ணினது."

அன்று மாலையே, கடைசி ஆம்புலன்ஸை ஓட்டிய பெண் தேடி வந்து நடந்ததைச் சொன்னாள். "இன்னும் எத்தனை பேர்னு கீழேயிருந்து கத்திக் கேட்டுக்கிட்டே இருந்தாரு. நான்தான் கடைசி, தாண்டியாச்சுன்னு சொன்ன பிறகுதான் கைப்பிடியில இருந்து கையை எடுத்தாரு."

ஜாக்கியின் மனைவி அழவில்லை. புருஷன் வாழ்நாளெல்லாம் கட்டிக்காத்த கண்டிப்பையே குற்றமாக்கி அவன்மேல் சுமத்தியிருக்கிறார்கள் என்பது அவளுக்கு விளங்கிவிட்டது. அவன் போனது போனதுதான், திரும்பமாட்டான். ஆனால் குற்றவாளியாக மண்ணுக்குள் போகக்கூடாது. செருப்பை மாட்டிக்கொண்டு ராணுவ ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். கட்டில் கட்டிலாக நின்று ஒரே கேள்வி கேட்டாள்: "நீங்க அந்தப் பாலத்துல வந்தீங்களா?"

மறுநாள் காலை மயானத்துக்குள் பணிமனைப் பேருந்துகள் நுழைந்தன. மேஸ்திரியே முன்வண்டியை ஓட்டி வந்தார். கட்டுப்போட்ட தலைகள் இறங்கின, ஊன்றுகோல்கள் இறங்கின, சக்கர நாற்காலிகளைத் தூக்கி இறக்கினார்கள். வலது கை போன ஒரு சிப்பாய் முன்னால் நின்று அணிவகுக்கச் சொன்னான். ஒருவன் நேராக நிற்க, அடுத்தவன் அவன்மேல் சாய்ந்து நிற்க, கோணல்மாணலாக ஓர் அணி உருவாயிற்று.

அதிகாரி ஓடி வந்தார். "யாரைக் கேட்டு வந்தீங்க?"

"எங்களைத்தான் யாரும் எதுவும் கேட்கலையே சார், நாங்களே சொல்லலாம்னு வந்தோம்," என்றான் சிப்பாய். "அண்ணன் அன்னைக்குக் கட்டளையைக் கேட்டிருந்தா, இன்னைக்கு உங்களுக்குக் குழி வெட்டி மாளாது."

அணி முழுக்கக் குரல் எழுந்தது. அதிகாரி குரலைத் தாழ்த்தி ஜாக்கியின் மனைவியிடம் வந்தார். "சரிம்மா. இரக்கத்தின் பேர்ல கொடி போர்த்தச் சொல்றேன்."

"இரக்கம் வேண்டாம். நீங்க சொன்னது தப்புன்னு சொல்லுங்க. எல்லாருக்கும் கேக்கணும்."

"அது பெரிய இடத்துல முடிவாகணும்."

"முடிவாகட்டும். நாங்க இங்கயே இருக்கோம்."

அவள் சவப்பெட்டியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். உட்காரக் கூடியவர்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். வெயில் ஏறியது. அதிகாரி மயான அலுவலகத்துக்கும் பெட்டிக்கும் நடையாய் நடந்தார். தொலைபேசியில் அவர் கெஞ்சுவது வெளியே கேட்டது. வாக்குமூலம் எடுக்க ஆள் வந்தான். நாற்காலி நாற்காலியாகப் போய்க் கேட்டான். எல்லா வாயும் ஒரே கதையைச் சொன்னது. பகல் சாய்வதற்குள் பெரிய இடம் இறங்கி வந்தது.

அதிகாரி எல்லார் முன்னாலும் நின்றார். "இவர் கட்டளையை மீறிய குற்றவாளி இல்லை. பாலத்தைத் தாங்கிய படைவீரர். விசாரணையில் தவறு செய்தது நான்." அவர் முகம் சுண்டிப்போயிருந்தது, ஆனால் வார்த்தை தெளிவாக வந்தது.

கொடி போர்த்தினார்கள். துப்பாக்கிகள் வானத்தைப் பார்த்து முழங்கின. பெட்டியின் முன்மூலையை அவள் தோளில் தாங்கினாள், எதிர்ப்பக்கம் ஆம்புலன்ஸ்காரி. பெட்டி மெல்ல நகர, அதிகாரி சல்யூட் அடித்து நின்றார். பாதி வழி போவதற்குள் அவர் முழங்கை தளர்ந்து இறங்கியது.

இடது கையை நெற்றியில் வைத்திருந்த சிப்பாய் வாயைத் திறந்தான். "என்ன சார், வலிக்குதா? எனக்கு இருக்கிறதே ஒண்ணு, நானே இன்னும் இறக்கலை."

அதிகாரியின் கை விசுக்கென்று மேலே போனது. அணியில் சிரிப்பு வெடித்தது. பெட்டியைச் சுமந்தபடியே ஜாக்கியின் மனைவியும் சிரித்தாள், கன்னமெல்லாம் கண்ணீர் வழிய.